முராசேயின் ஒரே வசனம்

சாவதற்கென்றே பிறந்தவர் முராசே தொக்குஜி. சினிமாவில்தான். தோக்கியோவில் அவர் வேலை பார்த்த ஸ்டுடியோவில் வாள்சண்டைப் படம் எடுத்தால் முதல் சண்டையிலேயே வெட்டுப்பட்டு விழுவார். துப்பறியும் படமென்றால் ஆற்றில் மிதப்பார். மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தாலும் இமை அசையாது. துணை நடிகர்களில் இவரைப்போலச் செத்துக் கிடக்க ஆளில்லை என்று இயக்குநர்கள் மெச்சுவார்கள். ஆனால் செத்தவனுக்கு யார் வசனம் எழுதுவார்கள்? போர் முடிந்து நீகாத்தாவிலிருந்து பிழைக்க வந்த நாள் முதல் தலை நரைக்கும்வரை அவர் திரையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தக் குறை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் நகுமோ சினிமாவுக்கு எழுத வந்தார். ஊரே ஒருவன் காதுக்குள் குடியேறுவது, வீடு தன் சொந்தக்காரனைத் தேடி அலைவது என்று தலையும் வாலும் பிடிபடாத கதைகள் எழுதிப் பேர் வாங்கிய எழுத்தாளர். அவருடைய திரைக்கதையில் ஓர் இழவு வீடு. கருப்பு நாடா கட்டி வைத்த இறந்தவரின் புகைப்படம் திடீரென்று வாய் திறந்து, "யாராவது அந்த ஜன்னலைத் திறங்களேன், மூச்சு முட்டுது" என்று சொல்லும். அந்த முகமும் குரலும் முராசேயுடையவை.

உயிரோடிருப்பவரை அப்படிப் படம் பிடித்தால் ஆகாது. அதனால் ஸ்டுடியோவில் வழக்கப்படி ஒரு பாட்டில் சாக்கே மதுவும், தீட்டுக் கழிக்க உப்புப் பொட்டலமும் கொடுத்தனுப்பினார்கள். மனைவி கிக்குயே அவரை வாசலிலேயே நிறுத்தித் தோளில் உப்பை வாரி இறைத்தாள்.

"இத்தனை வருஷமா விழுந்து விழுந்து செத்தீங்க, பொறுத்துக்கிட்டேன். இப்ப கருப்பு நாடாவும் கட்டியாச்சா? சத்தியமா அந்தப் படத்தை நான் பாக்க மாட்டேன்!"

"வசனம் பேசறேன் கிக்குயே! நான் பேசறேன்!"

"பொணம் பேசறது பெரிய பெருமையாக்கும்."

படத்தொகுப்பு முடிந்ததும் நகுமோவே முராசேயைத் தேடி வந்தார்.

"அண்ணே, குரலை எடுத்துட்டோம். வாய் மட்டும் அசையும். சத்தமில்லாம இருந்தாத்தான் பாக்கறவனுக்கு வயித்தைக் கலக்குது."

யாரையும் எதிர்த்துப் பேசி அறியாத முராசே அன்று பேசினார். "நீங்க இன்னும் எவ்வளவோ எழுதுவீங்க சார். எனக்கு இருந்தது அது ஒண்ணுதான்."

நகுமோ குனிந்து மன்னிப்புக் கேட்டார். ஆனால் மாற்றவில்லை. படத்துக்கு அதுதான் சரி என்று முராசேக்கே தெரிந்தது. அதனால்தான் இன்னும் வலித்தது.

அதன்பின் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கிக்குயே பார்த்துக்கொண்டே இருந்தாள். படம் வெளியானதும், "கிளம்புங்க" என்று அவளே ஷின்ஜுக்கு பகுதியிலுள்ள தியேட்டருக்கு இழுத்துப் போனாள்.

ஊதுவத்திப் புகைக்கு நடுவே முராசேயின் முகம் திரை முழுக்க வந்தது. உதடு பிரிந்தது. அரங்கமே மூச்சடங்கிப் போனது.

கணீரென்று அந்த வசனம் ஒலித்தது, திரையிலிருந்து அல்ல, முராசேயின் நாற்காலியிலிருந்து. முன்வரிசைப் பெண் ஒருத்தி வீறிட்டாள். முராசேக்கே தூக்கிவாரிப்போட்டது. டார்ச் விளக்கோடு ஊழியர் ஓடிவந்தார்.

"பெரியவரே, படம் ஓடும்போது பேசக் கூடாது. எந்திரிச்சு வெளிய வாங்க."

கிக்குயே எழுந்து குறுக்கே நின்றாள்.

"அந்த வெளிச்சத்தை அவர் மூஞ்சியில நல்லா அடிச்சுப் பாருப்பா. அப்புறம் திரையைப் பாரு. அவர் வசனத்தை அவர் பேசறார். உனக்கென்ன?"