அமைதியான வாக்களிப்பு நிலையம்

1. கூடாத நிறங்கள்

கண்டியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் எங்களுக்கு முதல் நாள் பயிற்சி நடந்தது. பிரதேச சபைத் தேர்தலைக் கண்காணிக்கப் போகும் தொண்டர்கள் நாங்கள். எந்தக் கட்சியும் சாராத அமைப்பு என்று பதாகையில் மூன்று மொழியிலும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பச்சைக் கரை வைத்த சேலையில் வந்த ஓர் அம்மாவை வாசலிலேயே நிறுத்தி, அது ஒரு கட்சியின் நிறம் என்று சொல்லி, மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். நீலம் கூடாது, சிவப்பு கூடாது, ஊதா வேண்டவே வேண்டாம். பகல் சாப்பாட்டில் கிடந்த பச்சை மிளகாயை மட்டும் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

நான் கம்பளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தவன். கடையை மகன் பொறுப்பில் விட்ட பிறகு கையில் நேரம் இருந்தது. கட்சிக்காரர்கள் மேல் எனக்கு மரியாதை போய் வெகுகாலம் ஆகிறது. ஆதலால் கட்சி சாராதவர்கள் என்று ஒரு கூட்டம் இருப்பதாகக் கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். கட்சிக்காரர்களைவிட மோசமாக யாரும் இருக்க முடியாது என்ற நம்பிக்கைதான்.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் பிரதீபன் என்று ஒரு தம்பி. கோட்டும் சூட்டுமாக நின்று, செய்யக் கூடாதவற்றைத் திரையில் காட்டினார். வாக்காளரோடு பேசக் கூடாது. கட்சிக்காரன் கடையில் தேநீர் குடிக்கக் கூடாது. யாராவது பேசும்போது தலையாட்டக் கூடாது, அது ஆதரவு என்று அர்த்தமாகிவிடுமாம். செய்ய வேண்டியது என்னவென்று நான் கேட்டேன்.

"பார்க்கணும் நானா. அப்சேர்வ் பண்ணணும். அவ்வளவுதான்" என்றார். முஸ்லிம்களில் மூத்தவரை நானா என்பது எங்கள் பக்க வழக்கம்.

ஆளுக்கு ஒரு தொப்பியும் வெள்ளை டீ-ஷர்ட்டும் கழுத்தில் தொங்கும் அட்டையும் தந்தார்கள்.

2. வெரி குட்

எனக்குக் கிடைத்தது புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலை. தேர்தலன்று காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி மேடு ஏறும்போது, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் கூடையோடு என்னை மறித்தாள். மாரியாயி என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். பிறப்புப் பதிவு இல்லாததால் இத்தனை காலமும் அடையாள அட்டை கிடைக்காமல் இருந்து, இப்போதுதான் வந்திருக்கிறதாம். சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள்.

"நானா, பூத்து எத்தன மணி வரைக்கும்?"

"நாலு மணி."

"மத்தியானம் விட்டுருவோம்னு சொல்லியிருக்காங்க. மொதத் தடவ போடப் போறேன். பேரன் பேத்தி எடுத்தாச்சு, இன்னும் வெரல்ல மை படல."

வாக்காளரோடு நான் பேசிய முதல் குற்றம் அது. தலையும் ஆட்டினேன்.

காலையில் லயங்களிலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, கிழவர்கள் வந்தார்கள். கடைவீதிக்காரர்கள் வந்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. பகலுக்கு மேல் கட்சி முகவர்கள் மூவரும் ஒற்றுமையாகக் கதிரைகளில் தூங்கினார்கள். அந்த ஒற்றுமையை அவர்கள் சபையில் காட்டினால் நாடு உருப்பட்டுவிடும். பிரதீபன் மணிக்கொரு தடவை கண்டியிலிருந்து போன் எடுத்தார்.

"நிலைமை எப்படி நானா?"

"அமைதி."

"வெரி குட்! அப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்க."

ஆள் வராத இடத்தில் அமைதியை மெயின்டெய்ன் பண்ணுவதற்கு நான் எதற்கு? மையத்தை அடக்கும் மையவாடிக்குப் போனால் இதைவிட அமைதியாக இருக்கும்.

பாடசாலை விறாந்தையிலிருந்து பார்த்தால் எதிர் மலையில் பெண்கள் கொழுந்து பறிப்பது நன்றாகத் தெரிந்தது. பகல் சாப்பாட்டுக்கும் அவர்கள் இறங்கவில்லை. வாக்களித்துவிட்டுப் போன ஒரு கிழவரிடம் விசாரித்தேன். கொழுந்து முற்றுகிறது, மாலை நிறுவை முடிந்துதான் விடுவோம், இடையில் போகிறவர்களுக்கு அரைப் பேர்தான் என்று மலையில் சொல்லியிருக்கிறார்களாம். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தைப் பேர் என்பார்கள். அரைப் பேர் என்றால் பாதிச் சம்பளம். மாலை நிறுவை முடியும்போது இங்கே பெட்டிக்குச் சீல் வைத்துவிடுவார்கள். நானே பிரதீபனுக்குப் போன் எடுத்தேன்.

"பூத்துக்குள்ள ஏதாவது பிரச்சினையா?" என்றார்.

"இல்ல."

"வாசல்ல யாரும் நோட்டீஸ் குடுக்கிறாங்களா?"

"இல்ல தம்பி. ஆக்களே இல்ல. பொம்புளயள் எல்லாம் மலையில. வர உடுறாங்க இல்ல."

"மலை நம்ம ஸ்கோப்ல இல்லையே நானா."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பொம்பளைங்க வந்தா எந்தப் பக்கத்துக்கு அட்வான்டேஜ்னு உங்களுக்கே தெரியும்தானே. நாங்க போய்க் கூப்பிட்டா ஒரு பக்கம் சாய்ஞ்ச மாதிரி ஆகிடும்."

"வராட்டி மத்தப் பக்கத்துக்கு லாபம். சும்மா இருந்தா அந்தப் பக்கம் சாஞ்ச மாதிரி ஆகாதா?"

"லைன் கிளியர் இல்ல நானா" என்று வைத்துவிட்டார். லைன் கண்ணாடி மாதிரி இருந்தது.

3. டீ-ஷர்ட்டின் ஒரே உபயோகம்

மலை ஏறினேன். முழங்கால் வலி உள்ளவன் ஏறுகிற மலை அல்ல அது. மேலே கணக்கப்பிள்ளை, அதாவது வேலை வாங்குகிறவர், குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொப்பியையும் கழுத்து அட்டையையும் மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தக் கட்சி நீங்க?"

"கட்சி இல்ல. எலெக்ஷன் பாக்க வந்த ஆள். இவங்கள ஏன் ஓட்டுப் போட உடல்ல?"

"யாரு உடல? வாக்குப் போட லீவு வேணும்னா எழுத்துல கேக்கணுங்க. சட்டமே அப்புடித்தான். ஒருத்தரும் எழுதிக் குடுக்கல."

சட்டத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வரி அதுவாகத்தான் இருக்கும். கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண், மலையில் நின்றபடி விண்ணப்பம் எழுத வேண்டுமாம். நான் வேறு பேச்சுப் பேசவில்லை. போனை உயர்த்தி அவரைப் படம் எடுத்தேன்.

"உங்கட பேரச் சொல்லுங்க. கண்டிக்கு அனுப்ப வேணும்."

கண்டியில் அந்தப் படத்தை வாங்க ஒரு நாதியும் இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த டீ-ஷர்ட் தன் ஆயுளில் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

"நான் தடுக்கலைங்களே. அவங்களாத்தான் நிக்கிறாங்க" என்றார்.

கீழ்நிரையிலிருந்து மாரியாயியின் குரல் வந்தது. "அப்புடியா? அப்ப நாங்க போறோம். பேரு முழுசாப் போடுவீங்களா? எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லுங்க."

"போடுறேன், போடுறேன்."

"ஏ புள்ளைகளா, கேட்டுக்கிட்டீங்கல்ல?"

பிறகு அவர்கள் இறங்கிய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. நான் பாடசாலைக்கு வந்து சேர்ந்தபோது கூடைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு வரிசையாக நின்றார்கள். முகவர்களுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. நாலு மணி அடித்ததும் சிங்களத் தலைமை அலுவலர் வெளியே வந்து வாசலைப் பூட்டச் சொல்லி, உள்ளே நிற்பவர் எல்லோரும் வாக்களிக்கலாம் என்றார். அதைத் தமிழில் சொன்னவன் நான். அதுவும் எனக்குத் தடை செய்யப்பட்ட வேலைதான்.

மாரியாயியின் அட்டையை இருவர் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். அட்டை சரியாகத்தான் இருந்தது. வெளியே வந்தவள் சின்ன விரலில் இருந்த மையை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"இம்புட்டுதானா நானா? இதுக்கா இவ்வளவு பாடு?"

4. விசாரணை

அடுத்த வாரம் கண்டியில், அதே மண்டபத்தில், மீளாய்வுக் கூட்டம். பிரதீபன் அறிக்கையை வாசித்தார். "புசல்லாவைப் பகுதியில் வாக்களிப்பு அமைதியாக நடைபெற்றது. பிற்பகலில் தோட்டப் பெண்கள் உற்சாகத்துடன் திரண்டு வந்து வாக்களித்தனர்." எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி முடிந்ததும், நடுநிலை மீறியதாக என்மீது விசாரணை தொடங்கியது. இரண்டும் ஒரே மேசையில், ஒரே வாயால் நடந்தன.

"நீங்க கூட்டிட்டு வந்த பொம்பளைங்க யாருக்குப் போட்டாங்கன்னு தெரியுமா நானா?"

"தெரியாது. நான் கேக்கல்ல."

"அந்த வட்டாரத்துல யார் வின் பண்ணினதுன்னாவது தெரியுமா?"

"அதுவும் பாக்கல்ல."

"நாங்க பார்த்தோம்" என்றார் கடுப்பாக.

"நீங்க பாத்திருக்கீங்க, நான் பாக்கல்ல. அப்ப எங்க ரெண்டு பேர்ல கட்சி பாத்தது யாரு தம்பி?"

ஒருவர் தண்ணீர் குடித்தார். ஒருவர் காற்றாடியைப் பார்த்தார். தொப்பியையும் டீ-ஷர்ட்டையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். தோய்த்து மடித்துத்தான் கொண்டு போயிருந்தேன்.

இனி இந்த வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வரிசையில் நிற்பவரை எண்ணக் கண் இருந்தால் போதும். வராதவர் எங்கே என்று கேளுங்கள், கேட்டுவிட்டு அங்கே போங்கள். சண்டை சச்சரவு இல்லையென்று எழுதிவிட்டு வருவதற்குத் தொண்டர் எதற்கு?

மாரியாயி எப்போதாவது கம்பளைக்கு வந்தால் கடைக்குள் எட்டிப் பார்ப்பாள். லயத்துக் கூரை ஒழுகுவதைச் சொல்வாள். வென்ற உறுப்பினரையும் தோற்றவரையும் ஒரே மூச்சில் ஏசுவாள். நானும் சேர்ந்து ஏசுவேன். அவள் யாருக்குப் போட்டாள் என்று மட்டும் இன்றுவரை நான் கேட்டதில்லை.