குவைத்தில் ஒன்பதரை மணி

"பொன்னேரி பஸ்ஸுலயே வாந்தி எடுக்கிற ஆளு நீ. ஏரோப்ளேன் கணக்கு உனுக்கு இன்னாத்துக்குக்கா?"

இதைச் சொன்னபோது என் சித்தப்பா மகள் புது வளையல்களைக் கையில் தள்ளித் தள்ளி அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடமே போகாதவள். பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கும் எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான்; அப்போது ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். ஆனால் விமானம் ஏறப் போனது அவள்தான். கும்மிடிப்பூண்டியில் வெல்டராக இருந்து குவைத்துக்குப் போன அவள் கணவர், விடுமுறையில் வந்து அவளையும் அழைத்துப்போக ஏற்பாடு செய்திருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. உலகப் படத்தில் குவைத்தை அவளால் காட்ட முடியாது என்று நினைத்து ஆறுதல் தேடினேன். வயிறு ஆறவில்லை.

பம்பாயில் காலை எட்டுக்குக் கிளம்பும் விமானம் ஒன்பதரைக்குக் குவைத்தில் இறங்கும் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். "கும்மிடிப்பூண்டிலருந்து மெட்ராஸ் போறதுக்கே அவ்ளோ நேரம் ஆவுதே!" என்று சித்தப்பா வாயைப் பிளந்தார். கடலுக்குப் போனவர் கரையேறிய பிறகுதான் எங்கள் வீட்டில் அம்மனுக்குத் தேங்காய் உடைப்போம். முன்னால் உடைத்தால் ஆளுக்கு ஆகாது. மகளுக்கு ஒன்பதரைக்கு உடைப்பதென்று அவர் முடிவு செய்தார்.

எனக்கு அந்த ஒன்றரை மணி நேரம் இடித்தது. பயிற்சிப் பள்ளி உலக உருண்டையில் பம்பாயிலிருந்து குவைத்துக்கு நூல் பிடித்தேன். அதே நூலால் பூமத்திய ரேகையைச் சுற்றி அளந்தேன். பதினான்கு முறைக்குச் சற்று மேல் வந்தது. பூமியின் சுற்றளவு நாற்பதாயிரம் கிலோமீட்டர். அப்படியானால் பயண தூரம் இரண்டாயிரத்து எண்ணூறுக்குக் கொஞ்சம் குறைவு. விமானம் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் போகும்; ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் நான்கு மணி நேரம்.

"சித்தப்பா, ஒன்பதரைங்கிறது அவங்க ஊரு கடியாரம். நம்ம கடியாரத்துல அப்ப பன்னெண்டு. நம்ம ஒன்பதரைக்கு அவ கடல் மேல கீறா."

"வயித்தெரிச்சல்ல பேசாத. அவரு போய் வந்த மனுசன். நீ நூலு புடிச்சவ."

வயிற்றெரிச்சல் உண்மை. கணக்கும் உண்மை.

அவள் விமானம் ஏறிய அன்று காலை, ஒன்பதரைக்குத் தேங்காயை ஓங்கிய சித்தப்பாவின் கையைச் சித்தி பிடித்துக்கொண்டாள். "கடல் மேல கீறான்னு சொல்றாளே. பன்னெண்டு ஆவட்டும்யா." சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். பிறகு வீடே என்னைச் சுற்றிக்கொண்டது. "இப்ப எங்க கீறா?" "பாதிக் கடல் தாண்டிட்டா, சித்தி." முதன்முறையாக எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். கேட்டதெல்லாம் அவளைப் பற்றி. பன்னிரண்டு அடித்ததும் தேங்காய் உடைந்தது. கும்பிட்டேன், மனசு கும்பிடவில்லை.

போன மாதம் அவள் ஊருக்கு வந்திருந்தாள். "எறங்கச்சொல்ல அவரு வாட்ச்ச பின்னாடி திருப்பி வெச்சாருக்கா. எனுக்கு ஒரே சிரிப்பு" என்றாள். நான் நூல் பிடித்துக் கண்டுபிடித்ததை அவள் சன்னலோரம் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே பார்த்திருக்கிறாள்.

இப்போது நான் சம்பளம் வாங்கும் ஆசிரியை. திங்கட்கிழமை மெட்ராசுக்குப் போய் பாஸ்போர்ட்டுக்கு மனு கொடுத்துவிட்டு வந்தேன். எந்த ஊருக்கு என்று அப்பா கேட்டார். அதை இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன்.