கன்னியம்மாவுக்கு யார் சொன்னது?

பேய், பிசாசு, சாமியாட்டம் எதையும் நான் நம்பினவன் இல்லை. குப்பத்தில் யாராவது குறி சொல்ல உட்கார்ந்தால் எழுந்துபோய் வலையைப் பார்க்கிற ஆள். நீங்கள் கோட்டையில் எழுத்து வேலை பார்க்கிறவர், சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள். நடந்தது நடந்ததுதான்.

எங்கள் ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வோம். அதற்குப் பாடு என்று பேர். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சிப்பியில் குறி கீறி, அம்மன் முன்னால் பானையில் போட்டு, பார்க்காமல் கைவிட்டு எடுக்க வேண்டும். வந்தது அம்மன் கொடுத்தது, மறுபேச்சு கிடையாது. அந்த மழைக்காலத்தில் குறி கீறும் முறை எனக்கு வந்தது. ஏரித் தண்ணீர் கடலுக்கு இழுத்துக்கொண்டு ஓடும் நேரம், முகத்துவாரத்து இடத்தில் வலை கட்டுகிறவனையும் சேர்த்து இழுத்துவிடும். அந்த இடத்துச் சிப்பியின் விளிம்பில் மட்டும் கத்தியால் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டுவைத்தேன்.

கடைசியில் பானையில் இரண்டே சிப்பி. எடுக்காமல் நின்றவர்கள் நானும் என் தங்கை கன்னியம்மாவின் புருஷன் ஏழுமலையும். நான் முதலில் கைவிட்டேன். வெட்டு விரலில் பட்டது, அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. பத்து நாள் கழித்து முகத்துவாரத்து மணல்திட்டில் ஏழுமலையின் உடல் ஒதுங்கியது.

புருஷன் தண்ணீரில் இருக்கும்போது பெண்சாதி தலை வாரக்கூடாது என்பது எங்கள் பெண்களின் வழக்கம். அன்றைக்குப் பார்த்து கன்னியம்மா மறந்துபோய் வாரிவிட்டாள்.

"நான்தாண்ணா அவரக் கொன்னுட்டேன். அம்மன் கண்ணக் குத்திட்டா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். சோற்றைத் தொடவில்லை. என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் அந்தப் பாரம் அவளை விட்டு இறங்கியிருக்கும். சொன்னால் ஊர் என்னைத் தள்ளிவைக்கும், அவளும் என் முகத்தில் விழிக்கமாட்டாள். சொல்லவில்லை. பாவி நான்.

வலையைத் தொட மனசு வராமல் கோட்டைக்குத் தண்ணீர் சுமக்கப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், ஒல்லாந்துக்காரர்களின் கோயில் வாசலில் குடத்தை இறக்கிவிட்டு நின்றேன். உள்ளே ஒருவர் அவர்கள் பாஷையில் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாஷையில் எனக்கு மூன்று வார்த்தைகூடத் தெரியாது. நம்பினால் நம்புங்கள், திடீரென்று எல்லாம் புரிந்தது. நீ உட்கார்ந்ததை, எழுந்ததைப் பார்த்தேன், உன் தாய் வயிற்றிலேயே உன்னைப் பார்த்தேன், கடலின் அடுத்த கரைக்கு ஓடினாலும் நான் அங்கே இருப்பேன், நீ விரலால் தடவிப் பார்த்து எடுத்த சிப்பி எனக்குத் தெரியும்.

அவர்கள் பேச்சைத் தமிழில் சொல்கிற துபாஷி வெளியே வந்தார், மறித்தேன். "இன்னா படிச்சாருங்க?"

"யூதருங்களோட பழைய பாட்டு. மனுஷனப் பத்தி எல்லாம் தெரிஞ்ச ஆண்டவரப் பத்தி. உனக்கு இன்னாத்துக்கு?"

"அதுல சிப்பின்னு எதுனா வருதுங்களா?"

"சிப்பியா? வெயிலு தலைக்கு ஏறிடுச்சா உனக்கு?" என்று போய்விட்டார்.

குடத்தை அங்கேயே போட்டுவிட்டுப் படகை எடுத்தேன். ஊர் தள்ளிவைத்தால் வைக்கட்டும், தங்கையிடம் சொல்லிவிட வேண்டும், அது ஒன்றுதான் மனசில். கரை சேரும்போது உச்சிப்பொழுது. அவள் வீட்டு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். விலக்கிக்கொண்டு உள்ளே போனால், கன்னியம்மாவைக் கிடத்தித் தலைமாட்டில் விளக்கு வைத்திருந்தார்கள்.

கூட இருந்த பக்கத்து வீட்டு முனியம்மா சொன்னாள்: "காத்தால கோட்டைக் கோயில் மணி அடிச்சு கொஞ்ச நேரத்துல எழுந்து உக்காந்தாண்ணா. எதிர்ல யாரோ பேசறாப்பல உம் உம்னு கேட்டுக்கினே இருந்தா. யாரும் இல்ல, நான் ஒருத்திதான். அப்புறம் சீப்ப எடுத்துக் கூரையில சொருவுனா. என்னைப் பாத்து, சிப்பிய எடுக்கறப்ப எங்க அண்ணன் கை நடுங்குச்சான்னு கேட்டா. எனக்கு ஒண்ணும் புரியல. அப்படியே சாஞ்சிட்டா."

அழுதாளா என்று கேட்டேன். இல்லை என்றாள். என்னைத் திட்டினாளா என்று கேட்டேன். அதுவும் இல்லை. அவள் என்னை மன்னித்தாளா, சபித்தாளா, இனி யாரிடம் போய்க் கேட்பேன்? அவளுக்குச் சொன்னவர் என்னிடம் பேசுவதில்லை. எத்தனையோ ஞாயிறு அந்த வாசலில் நின்று பார்த்துவிட்டேன், ஒரு வார்த்தை புரியவில்லை.

அவள் கேட்டதற்கு நான் இன்னும் யாரிடமும் பதில் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நடுங்கவில்லை.