ஒற்றுத்தாளில் ஏறிய எண்ணெய்

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள்: சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் குடியிருந்த ஆபீசர், அவர் மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள், தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து வந்து பாத்திரம் தேய்க்கும் அக்கா, நான். அப்புறம் தொட்டிக்குள் இரண்டு கோமாளி மீன்கள். மீன்களை விட்டுவிட்டு எண்ண என்னால் முடியாது. எனக்கு வரவேண்டிய நூற்றைம்பது ரூபாய் அவற்றின் உயிரோடு கட்டப்பட்டிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், தில்லியில் சைக்கிளில் வீடு வீடாகப் போய் மீன்தொட்டி கழுவிப் பிழைத்தேன். எல்லாம் நல்ல தண்ணீர்த் தொட்டிகள். உப்புத்தண்ணீர்த் தொட்டி இவர் வீட்டில் மட்டும்தான். ஆபீசர் சில வருஷம் அந்தமானில் வேலை பார்த்தவர். கடல் மீனைப் பார்க்காமல் சாப்பாடு இறங்கவில்லை என்பார். மீன்களையும் கடல்தண்ணீரையும் மெட்ராஸிலிருந்து கேன்களில் ரயிலேற்றிக் கொண்டுவந்தது நான். இரண்டு ராத்திரி, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மூடியைத் திறந்து உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். பேச்சு முந்நூறு ரூபாய். பாதி முதலில், பாதி மீன்கள் பத்து நாள் உயிரோடு இருந்தால்.

அது ஏழாம் நாள், நல்ல குளிர்காலம். உள்ளே நுழையும்போதே மகள் ஓடிவந்தாள்.

"அங்கிள், ரெண்டும் மேலயே வாய வச்சிட்டு இருக்கு. சாஸ் நஹி லே பா ரஹே! மூச்சு விட முடியல!"

டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தேன். தண்ணீரின் மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மினுமினுப்பாக ஒரு படலம். காற்று மோட்டார் விடும் குமிழிகள் மேலே வந்து உடையாமல் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றன. படலம் மூடினால் தண்ணீருக்குள் காற்று இறங்காது, அது தெரியும். எடுப்பது எப்படி என்றுதான் தெரியாது.

"நேத்து அப்பளம் பொரிச்சேன். அந்தப் பொகையா இருக்குமோ?" என்றார் வீட்டு அம்மா.

"ஆமா, உன் அப்பளம் கிச்சன்லேர்ந்து நடந்து வந்து இதுல குளிச்சிட்டுப் போச்சு" என்றார் ஆபீசர். சொன்னாரே தவிர, சமையலறையைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

நான் மக்கை எடுத்து மேல்தண்ணீரை மொண்டேன். மொண்ட இடத்தைப் படலம் உடனே மூடிக்கொண்டது. மறுபடி மொண்டேன். பக்கெட்டில் கால்வாசி ஏறியதுதான் மிச்சம். கைவசம் இருந்ததோ ஒரே ஒரு கேன் கடல்தண்ணீர். அதுவும் தீர்ந்தால் மெட்ராஸுக்குத்தான் போகவேண்டும்.

அக்கா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள். "என்ன தம்பி, கடலையே எறைச்சிருவ போலிருக்கு?"

"சும்மா இருங்கக்கா, உயிரே போகுது."

"யாருக்கு? ஒனக்கா, மீனுக்கா?"

குனிந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பார்த்தாள். "எங்க டிரம்முல மண்ணெண்ண சிந்துனா இப்பிடித்தான் மினுக்கும். தண்ணி லாரி மறுநாள்தான் வரும். கொட்டிட்டு என்னத்தக் குடிக்கிறது? பேப்பரப் போட்டு எடுத்துருவோம்."

அவள் கை செய்தித்தாளுக்குப் போனது. நான் அலறிவிட்டேன். "மை! அச்சு மை எறங்கிரும்க்கா!"

"சரிப்பா, மை இல்லாததக் குடு. கத்தாத."

ஆபீசர் உள்ளே போய் மை உறிஞ்சும் வெள்ளை ஒற்றுத்தாள் ஒரு கட்டோடு வந்தார். "ஆபீஸ்ல குடுத்தது. பால் பேனா வந்தப்புறம் இத யாரு தொடுறா?" அரசாங்கத் தாளாயிற்றே, கேஸ் கீஸ் ஆகுமோ என்று எனக்கு அதற்கும் ஒரு பயம்.

அக்கா மோட்டாரை நிறுத்தச் சொன்னாள். தாளை இரண்டு கையாலும் தொட்டில் போலப் பிடித்து, நடுவயிறு முதலில் தண்ணீரைத் தொடும்படி இறக்கி, பிறகு ஓரங்களை விட்டாள். அடியில் ஒரு காற்றுக்குமிழிகூடச் சிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, ஒரு ஓரத்தைக் கிள்ளி, தொட்டியின் நீளத்துக்கு மெதுவாக இழுத்து விளிம்பில் ஏற்றி எடுத்தாள். சிந்தியது நாலு சொட்டு இருக்கலாம். தாள் போன வழியில் தண்ணீர் கறுப்பாக, சுத்தமாகத் தெரிந்தது. பாத்திரத் தூள் அரித்த அந்த விரல்கள் ஒரு தடவைகூட நடுங்கவில்லை. அதற்குப் பின் எத்தனையோ தொட்டிகளில் அவள் செய்த மாதிரியே செய்திருக்கிறேன். அந்தச் சுத்தம் எனக்கு வந்ததில்லை.

ஐந்தாவது தாளை விளக்குக்கு நேரே பிடித்தாள். பஜ்ஜி மடித்த காகிதம் போல எண்ணெய்த் திட்டு. மோந்து பார்த்தாள். பிறகு சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து மோந்தாள்.

"தேங்காண்ண" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

உப்புத்தண்ணீரும் தில்லிக் குளிரும் சேர்ந்து கையை வெடிப்பு வெடிப்பாகப் பிளந்திருந்தன. உறைந்த தேங்காயெண்ணெய்ப் பாட்டிலைத் தினமும் வெயிலில் வைத்து உருக்கி, முழங்கை வரை தேய்த்துக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்புவேன். அந்தக் கையைத்தான் ஹீட்டர் போட்ட வெதுவெதுப்பான தண்ணீருக்குள் விட்டு ஏழு நாளாகக் கண்ணாடி துடைத்திருக்கிறேன்.

"வாயத் தொறக்காத. பழி அப்பளத்து மேலயே கெடக்கட்டும்" என்றாள் அக்கா.

மோட்டாரைப் போட்டோம். குமிழிகள் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருக்கட்டும் என்று குழாய் நுனியில் இருந்த காற்றுக்கல்லை உயர்த்திக் கட்டினேன். ஒரு மணி நேரத்தில் மீன்கள் அடியில் இறங்கி, சிப்பியைச் சுற்ற ஆரம்பித்தன. மகள் கை தட்டினாள். அக்கா அதற்குள் பாத்திரத்துக்குப் போய்விட்டிருந்தாள்.

பத்தாம் நாள் ஆபீசர் நூற்றைம்பதை எண்ணி நீட்டினார். மூன்று நாளாக எனக்குத் தூக்கமில்லை. பணம் கைக்கு வருமுன்னே சொல்லிவிட்டேன்.

"அடப்பாவி! மூணு நாளா அப்பளமே பொரிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு வெறும் சாம்பார் சாதம் தின்னுட்டிருக்கேன்டா!" என்று கத்தினார். உள்ளே அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் ஐம்பதைத் திரும்ப எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். "குளிர் போகட்டும். மார்ச் வரைக்கும் எண்ண தடவாத கையோட வா, தர்றேன்."

வாசலில் அக்கா காத்திருந்தாள். "சொல்லிட்டியா? அம்பது ரூவா வாயிடா தம்பி ஒனக்கு."

மார்ச்சுக்கு முன்பே அவருக்குக் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. மீன்கள் உயிரோடுதான் ரயிலேறின. என் ஐம்பது ரூபாய் இன்னும் பாக்கி.