முப்பது வரை எண்ணுங்கள்

காலை எட்டு மணிக்கு ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் ஐந்து வரை நான் ராயபுரத்துக்காரி இல்லை. “வணக்கம் சார், உங்கள் இணைப்பில் என்ன பிரச்சினை என்று தெரிந்துகொள்ளலாமா?” என்று எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு தமிழில் பேசுவேன். ஒரு இன்டர்நெட் கம்பெனியின் கஸ்டமர் கேரில் எனக்கு வேலை, வீட்டிலிருந்தேதான். எந்த ஊரில் யார் வீட்டு ரவுட்டர் படுத்துக்கொண்டாலும் திட்டு என் காதுக்கு வந்து சேரும்.

விதவிதமான மனிதர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சிக்னலைத் திருடிவிடுவார் என்று ஒருவர் ரவுட்டரை ஸ்டீல் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ஹாலில் நெட் வரவில்லை என்று சண்டைக்கு வந்தார். தூசு படக்கூடாதென்று ஒரு அம்மா அதற்கு ஸ்வெட்டர் மாதிரி உறை தைத்துப் போட்டிருந்தார். சூட்டில் அது அடிக்கடி மயங்கி விழுந்தது. எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். “பிளக்கைப் பிடுங்குங்கள். முப்பது வரை எண்ணுங்கள். மறுபடி போடுங்கள்.” பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். ஏன் சரியாகிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பாதிதான் தெரியும்.

இதையெல்லாம் கம்பெனி ஆட்களைவிட உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருவர் உண்டு. என் அறையின் துணித் திரைக்கு அந்தப் பக்கம், ஹாலில், மாதா படத்துக்குக் கீழே ரவுட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் என் மாமனார்.

வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். எட்டு மாதம் கடலில் இருந்தால் மூன்று மாதம் வீட்டில் இருப்பார். மாமனார் அந்தக் காலத்தில் ஹார்பரில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவர். வின்ச் ஓட்டுகிறவருக்குக் கப்பலின் அடிவயிற்றில் நடப்பது எதுவும் தெரியாது. மேலே நிற்கும் சிக்னல்காரரின் கையைப் பார்த்தே வேலை செய்ய வேண்டும். விரலை மேல்நோக்கிச் சுழற்றினால் தூக்கு. கீழ்நோக்கிச் சுழற்றினால் இறக்கு. முஷ்டியை மடக்கினால் அப்படியே நிறுத்து. நான் போனில் இருக்கும்போது சத்தம் வரக்கூடாது என்று கம்பெனி கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், அவர் அந்தப் பாஷையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். திரையை விலக்கி விரலை மேலே சுழற்றினால் டீ தயார். கீழே சுழற்றினால் கஸ்டமரிடம் குரலைக் குறை, ரொம்பக் கத்துகிறாய் என்று அர்த்தம். அதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி நாலு வருஷமாக “சாப்டீங்களா மாமா” என்பதைத் தாண்டி நாங்கள் பேசிக்கொண்டது குறைவு. கையால்தான் நிறைய பேசியிருக்கிறோம்.

போன வருஷம் என் வீட்டுக்காரர் மாமனார் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். உலகத்துக் கப்பல்களெல்லாம் அதில் சின்னச் சின்ன அம்புக்குறியாக நகரும். மகனின் கப்பல் பச்சை அம்பு. காலையில் பல் விளக்கியதும் அதைப் பார்ப்பார். “இன்னிக்கு நல்லா இஸ்துகினு போறான்மா” என்பார். நான் தலையாட்டுவேன். அவருடைய போனுக்கு டேட்டா கிடையாது, வீட்டு வைஃபைதான். வேலை நேரத்தில் என் போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது விதி. அதனால் பகலில் மகன் நெட் வழியாகக் கூப்பிட்டால் அப்பாவுக்குத்தான் கூப்பிடுவார். கப்பலிலும் நெட் இருந்தது. இரண்டு நாளைக்கு ஒரு தரம் ஒரு வார்த்தையாவது வந்துவிடும்.

அந்தத் தடவை வரவில்லை. இரண்டு நாள் மூன்றாகி, மூன்று ஐந்தாகிவிட்டது. கப்பல் போகும் கடல் பக்கம் புயல் உருவாகியிருப்பதாக டிவி வேறு சொல்லிக்கொண்டிருந்தது. கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்குப் போன் போட்டேன். “கப்பல்ல நெட் ரிப்பேர் மேடம், மத்தபடி ஒண்ணுமில்ல, கவலைப்படாதீங்க” என்றார்கள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். விஷயம் தெரியாதபோது நானும் அதே குரலில்தான் கஸ்டமர்களுக்கு ஆறுதல் சொல்வேன்.

நான் என்ன செய்தேன் என்றால், அந்த ஆப்பைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். பயம்தான். பார்த்தால் உறுதியாகிவிடுமோ என்று வேலையில் தலையைப் புதைத்துக்கொண்டேன்.

அதே சமயம் எங்கள் வீட்டு நெட்டும் மக்கர் செய்ய ஆரம்பித்தது. மணிக்கு ஒரு தரம் துண்டித்துக்கொள்ளும், நாலு நிமிஷத்தில் வந்துவிடும். ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்கிறவள் வீட்டிலேயே இப்படி! எங்கள் டீம் லீடர் முதல் நாள் சிரித்தார், இரண்டாம் நாள் எச்சரித்தார், மூன்றாம் நாள் “இப்படியே போனா நீங்க ஆபீசுக்குத்தான் வரணும்” என்றார். ஆபீஸ் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. போக வரவே பாதி நாள் போய்விடும். என் கம்பெனிக்கே கஸ்டமராகப் போன் போட்டுப் புகார் கொடுத்தேன். முகம் தெரியாத ஒரு பெண் என்னைப் பிளக்கைப் பிடுங்கி முப்பது எண்ணச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன்.

லைன் பார்க்க வந்தவர் ரவுட்டரைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். “கடல் காத்துக்கா. இந்த ஏரியால எல்லாம் துரு புடிச்சிக்கும்” என்று வயர் முனையை வெட்டிப் புதிதாகப் போட்டார், அடாப்டரை மாற்றினார். மாமனார் அவருக்கு மோர் கொடுத்து உபசரித்தார். அவர் படியிறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மறுபடி நெட் போனது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு வேகமாகத் திரையை விலக்கினேன். மாதா படத்துக்குக் கீழே, பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி மாமனார் எண்ணிக்கொண்டிருந்தார். “பதினேயு... பதினெட்டு...”

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. பிறந்தது விம்கோ நகர், அங்கே யாரும் மெதுவாகப் பேசிக் கேட்டதில்லை. “மாமா! இன்னா பண்ணிகினு கீறீங்க? என் சோத்துல மண்ண அள்ளிப் போடறீங்களே! ஒயுங்கா உக்கார முடியாதா உங்களால?” என்று கத்திவிட்டேன். கீழ் வீட்டுக்காரர்கள் வெளியே வந்து மேலே பார்த்தார்கள்.

அவர் பிளக்கை மெதுவாகச் சொருகினார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

“கப்பலு அஞ்சு நாளா அதே எடத்துல நின்னுகினு கீதுமா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எல்லாம் சரியாப் பூடும்னு நீதான நாள் பூரா சொல்றே? அதான். நீ பேசிகினு இருக்கசொல்லோ கை வெக்கலமா. உன் சத்தம் நின்னப்பறம்தான் புடுங்கினேன்.”

போனை வாங்கினேன். ஐந்து நாளில் முதல் தரமாக அந்தப் பச்சை அம்பைப் பார்த்தேன். நடுக்கடலில், எந்தக் கரையும் பக்கத்தில் இல்லாத இடத்தில் அது நின்றிருந்தது. கீழே சின்ன எழுத்தில், கடைசியாகத் தெரிந்தது ஐந்து நாள் முன்பு என்று போட்டிருந்தது. அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும், நான்தான் பார்க்கவில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். கப்பல் தன் பெயரையும் இடத்தையும் சொல்லிக்கொண்டே போகும் மாமா. கரையில் இருக்கும் டவர்கள் அதைக் கேட்டு நெட்டில் போடும். நடுக்கடலுக்குப் போய்விட்டால் கேட்பதற்குப் பக்கத்தில் டவர் இல்லை. அதனால் கடைசியாகக் கேட்ட இடத்திலேயே அம்பு நிற்கும். கப்பல் போய்க்கொண்டுதான் இருக்கும்.

“அப்போ நம்ம நெட்டு மேல தப்பு இல்ல?”

“இல்ல மாமா.”

ரவுட்டரைத் திரும்பிப் பார்த்தார். “அது இன்னும் பேஜாருமா. நெட்டு மேல தப்புன்னா நீ சரி பண்ணிடுவேன்னு நெனச்சேன்.”

அவரிடம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் ரவுட்டர் பக்கம் கையே நீட்டவில்லை. அதன் எதிரே உட்கார்ந்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். டீ தயார் என்று விரல் சுழற்றுவதை மட்டும் விடவில்லை.

எட்டாவது நாள், வியாழக்கிழமை. காலையில் ஒரு கஸ்டமர் தாறுமாறாகத் திட்டினார். வழக்கம்போல முப்பது எண்ணச் சொன்னேன். அவரும் சத்தமாக, கோபமாக எண்ணினார். முப்பது வந்ததும் குரலே மாறிவிட்டது. “வந்துடுச்சும்மா! நல்லா இருக்கணும் நீங்க” என்றார். இணைப்பைத் துண்டித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். யார் யார் வீட்டிலோ எது எதுவோ திரும்பி வருகிறது.

டீ பிரேக் போட்டுவிட்டு எழுந்து ஹாலுக்குப் போனேன். மாமனார் முறத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். நான் நேராக மாதா படத்துக்குக் கீழே போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். அதனால் ஒன்றும் ஆகாது என்று இந்த ஊரிலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது. இருந்தும் பிடுங்கினேன்.

அவர் முறத்தை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். நான் “ஒண்ணு” என்றேன். அவர் “ரெண்டு” என்றார். முப்பது வரைக்கும் மாறி மாறி எண்ணினோம். பிளக்கைச் சொருகினேன். விளக்கு ஒவ்வொன்றாக எரிந்து, கடைசி விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு வர எப்போதும் ஆகும் நேரம் ஆனது.

அவருடைய போன் ‘டிங்’ என்றது.

மிஸ்டு கால். அவர் மகனிடமிருந்து. நேரம் பதினொன்று பன்னிரண்டு. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பதினாலு.

“கூப்ட்டு கீறான்மா! புள்ள கூப்ட்டு கீறான்!” மீன் வாடை அடிக்கும் கையாலேயே என் தலையைப் பிடித்து ஆட்டினார். இருக்கிறார், உயிரோடு இருக்கிறார் என்று நானும் அழுதுகொண்டே சிரித்தேன். திருப்பிக் கூப்பிட்டோம். போகவில்லை. பத்துத் தரம், இருபது தரம் கூப்பிட்டோம், போகவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு நாளில் ஒரே ஒரு தரம் அவர் கூப்பிட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து நான் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மாமனாருக்கும் அது தெரிந்திருக்கும். கடிகாரத்தை அவரும்தான் பார்த்தார். முறத்தை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போய்விட்டார். அன்று நெத்திலிக் குழம்பு வைத்து, என் வேலை முடியும்வரை சாப்பிடாமல் காத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஆப்பைத் திறந்தால் அம்பு ஒரு கரைக்குப் பக்கத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் வீடியோ கால் வந்தது. தாடி வளர்ந்து, கறுத்து, ஆனால் முழுசாக என் வீட்டுக்காரர். கப்பலில் நெட் நிஜமாகவே கெட்டுப்போயிருந்ததாம். வியாழக்கிழமை கேப்டன் தன் சாட்டிலைட் இணைப்பில் ஆளுக்கு மூன்று நிமிஷம் கொடுத்தாராம்.

“என் டர்ன் வந்துச்சு, போட்டுகினே இருந்தேன். அப்பா போன் ஆஃப்லைன்லயே இருந்துச்சு. மூணு நிமிசமும் பூட்ச்சு. இன்னாடி ஆச்சு வூட்ல? அன்னிக்கு எப்டி தவிச்சேன் தெரியுமா?”

நான் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். பக்கத்திலிருந்து ஒரு கை, போன் திரையில் தெரியாத உயரத்தில், என் முன்னால் வந்து நின்றது. முஷ்டி மடங்கியிருந்தது.

மறுகையால் போனை வாங்கிக்கொண்டார். “நான்தான்டா. அந்த டப்பாவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிகினு இருந்தேன். புத்தி பூட்ச்சு எனக்கு.”

“உனக்கு எத்தினி தபா சொல்றது நைனா, அது மேல கை வெக்காதன்னு? அவ வேலை இன்னா ஆவுறது? கொஞ்சமாச்சும் அறிவு வாணாம்?”

“ஆமாண்டா. தப்புதான். இனிமே தொட மாட்டேன்.”

கடலில் பதினொரு நாள் தவித்தவர் அந்தத் தவிப்பையெல்லாம் அப்பா மேல் கொட்டினார். மாமனார் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், முகத்தில் ஒரு சிரிப்புகூட இருந்தது. அன்று நான் கத்தியபோதும் இப்படித்தான் கேட்டுக்கொண்டு நின்றார். நான் பேச வந்தபோதெல்லாம் அந்த முஷ்டி இன்னும் கொஞ்சம் இறுகியது. மகன் திட்டி முடிக்கும்வரை அவர் கையை இறக்கவில்லை.