எங்களோட வீட்டுக்கு வந்துடுங்களேன்

டிரெஸ்ஸா என்ற பெயரை நான் முதலில் கேட்டது எங்கள் லாரல் ஓடை ஆலயத்தில். ஜெப வேண்டுதல் சொல்லும் நேரத்தில் என் சித்தப்பா மகன் ஆர்லி எழுந்து, "பொண்ணு பொறந்திருக்கு. ஓப்பலுக்கு இன்னும் காய்ச்சல் விடல. பொண்ணுக்கு டிரெஸ்ஸான்னு பேரு" என்றான். அது அவனுடைய பெரியம்மா பெயர். மூன்று புருஷன்மாரைப் புதைத்தவள், பெரிய வாயாடி. இந்தக் குழந்தையும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று எனக்குப் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். ஆகவில்லை. இவளுக்குக் காதுதான் கூர்மை.

எங்கள் மலையில் யார் வீட்டுக்குப் போனாலும், கிளம்பும்போது வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "எங்களோட வீட்டுக்கு வந்துடுங்களேன்" என்போம். அவர்கள், "இன்னிக்கு ஆகாது. நீங்கதான் தங்கிட்டுப் போங்களேன்" என்பார்கள். யாரும் வரவும் மாட்டார்கள், தங்கவும் மாட்டார்கள். வெளி மாநிலமான ஒஹாயோவிலிருந்து புதிதாக வந்த போதகருக்கு இது தெரியாது. ஒருநாள் அவர் வீட்டிலிருந்து கிளம்பும்போது ஆர்லி அப்படிச் சொன்னதும், அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆர்லி வீட்டிலோ ஆறிப்போன சோள ரொட்டியைத் தவிர ஒன்றும் கிடையாது. சின்னப் பெண்ணாக இருந்த டிரெஸ்ஸா நடுவில் ஒடுங்கிக்கொண்டு, அம்மா ஓப்பல் முகத்தையும் போதகர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடியே வீடு வரைக்கும் போனாள்.

பள்ளியின் கடைசி வருஷத்தில் கல்லூரிகளிலிருந்து அவளுக்கு மின்னஞ்சல்கள் வந்து கொட்டின. உன்னைப் போன்ற மாணவியைத்தான் தேடுகிறோம், எங்கள் வளாகத்தில் நீ நடப்பதை மனக்கண்ணில் பார்க்கிறோம், இப்படி. ஆர்லிக்குத் தலைகால் புரியவில்லை. நிலக்கரிச் சுரங்கத்துக்கு நுரையீரலைக் கொடுத்துவிட்டு வந்தவன், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். அவன் ஆலய விருந்தில் மேசை மேசையாக நடந்து சொன்னான்.

"நாடே எம்பொண்ணக் கெஞ்சுது. பக்கத்து ஊர் காலேஜுக்கெல்லாம் அவ எதுக்கு எழுதிப் போடணும்?"

பக்கத்து ஊர்க் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் கெடுவோ நெருங்கிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு மற்றவையும் கைவிட்டால் அவளுக்குப் படிப்பே இல்லை. அன்று நான் அவர்கள் சமையலறையில் இருந்தேன்.

"அப்பா, இதெல்லாம் வண்டிக் கதவுப் பேச்சு" என்றாள் டிரெஸ்ஸா.

"என்ன பேச்சு?"

"எங்களோட வீட்டுக்கு வந்துடுங்களேன். அதேதான். பரீட்சைத் தாள்ல, என் விவரத்தக் காலேஜுங்களுக்குக் குடுக்கலாம்னு ஒரு கட்டத்துல டிக் போட்டேன், என் பேரு ஊரெல்லாம் போயிடுச்சு. விண்ணப்பம் போடுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. சேத்துக்கறோம்னு ஒருத்தராவது சொல்லியிருக்காங்களா?"

"வாயால சொல்றது வேற, எழுத்துல குடுக்கறது வேற. மனசுல இல்லாதத எவனாவது உக்காந்து எழுதுவானா?"

"கீழ் வீட்டு டல்லாஸுக்கும் இதே கடிதம் வந்திருக்கு. அவனையும் மனக்கண்ணுல பாக்குறாங்களாம்."

"அவன நேர்ல பாத்தா தெரியும் சேதி" என்றாள் ஓப்பல், அடுப்புப் பக்கமிருந்து.

நான் சிரித்துவிட்டேன். ஆர்லி சிரிக்கவில்லை. "நான் அவங்களுக்குப் பதிலே போட்டாச்சு" என்றான். மகளுடைய ஃபோனை எடுத்து, ஒற்றை விரலால் தட்டி, 'நன்றி ஐயா. இந்த வாரம் வர முடியாது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள்' என்று ஒரு கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறான்.

"அப்புறம்? சாப்பிட வர்றாங்களாமா?" என்று கேட்டேன்.

டிரெஸ்ஸா ஃபோனைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "இந்த முகவரிக்கு வர்ற கடிதத்த யாரும் படிக்கறதில்லன்னு பதில் வந்திருக்கு, அத்தை" என்றாள்.

ஆர்லி ஃபோனை வாங்கித் தானும் படித்துப் பார்த்தான். "சரி, பக்கத்து ஊருக்கும் எழுதிப் போடு" என்றான்.

போட்டாள். அழைத்துக்கொண்டே இருந்தவற்றில் மூன்றுக்கும் சேர்த்துப் போட்டாள். குளிர்காலத்தில் அந்த மூன்றில் இரண்டு இடங்களிலிருந்து, வருந்துகிறோம் என்று வந்தது. ஆர்லி ஆலய விருந்துக்குப் போவதையே நிறுத்திக்கொண்டான்.

பனி உருகத் தொடங்கிய சமயத்தில், மூன்றாவதிலிருந்து ஒன்று வந்தது. வடக்கே தூரத்தில் உள்ள கல்லூரி. எழுதியவள் ஹார்ட்விக் என்ற அம்மாள். 'முடிவு இன்னும் வெளியாகவில்லை. நல்ல செய்தியாக இருக்கும் என்று நம்புகிறோம். உங்கள் ஓடை சுரங்கக் கழிவால் துருப்பிடித்த நிறத்தில் ஓடுவதைப் பற்றி நீ விண்ணப்பத்தில் எழுதியதை நாங்கள் மறக்கவில்லை. இந்த மாதக் கடைசியில் வந்து இரண்டு நாள் தங்கு. பயணச்சீட்டு நாங்கள் அனுப்புகிறோம். பஸ் நிலையத்தில் பச்சைக் காரில் இருப்பேன். நீ சாப்பிடாத பண்டம் எதுவும் உண்டா?'

"அழிச்சிடு" என்றான் ஆர்லி. "நீ சொன்னதுதான், வண்டிக் கதவு. ஒரு தடவ அசிங்கப்பட்டது போதும்."

அவள் விரல் அழிக்கப்போய் நின்றது. மறுபடி ஆரம்பத்திலிருந்து படித்தாள்.

"அம்மா, அந்தப் போதகர் வண்டியில ஏறினதும் நீ அவர என்ன கேட்ட?"

"வெங்காயம் சேருமான்னு கேட்டேன்."

"ஏறுறதுக்கு முன்னாடி கேட்டியா?"

"அவர் வரப்போறாருன்னு யாருக்குடி தெரியும்? வந்தாத்தானே..." ஓப்பல் பாதியில் நிறுத்தினாள்.

"ஆமாம்மா. இவங்க முன்னாடியே கேக்குறாங்க" என்றாள் டிரெஸ்ஸா.

ஈரலைத் தவிர எல்லாம் சாப்பிடுவேன் என்று பதில் எழுதினாள். போனாள். பச்சைக் கார் காத்துக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் கழித்து, இடமும் முழு உதவித்தொகையும் உண்டு என்று முறையான கடிதம் வந்தது. அப்பன் நம்பிய கடிதங்களை அவள் நம்பவில்லை, அவன் அழிக்கச் சொன்னதை அவள் அழிக்கவில்லை. அந்த வயதில் எனக்கு அந்தக் காது இருந்ததில்லை.

ஆகஸ்டில் அவளைக் கொண்டுபோய் விடும்போது நானும் கூடப் போனேன். கிளம்பும் நேரம் ஆர்லி வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். "எங்களோட வீட்டுக்கு வந்துடேன்" என்றான். அவன் வாழ்நாளில் அதை மனதாரச் சொன்னது அன்றுதான்.

"இன்னிக்கு ஆகாதுப்பா" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்கதான் தங்கிட்டுப் போங்களேன்."

படிப்பை முடித்து ஊருக்கே திரும்பிவிட்ட டிரெஸ்ஸா இப்போது எங்கள் மாவட்ட நீர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருக்கிறாள்.