நீல ரிப்பன்

மகளின் ஐப்பசிக் கல்யாணத்துக்கு மாலை சொல்ல, நானும் அவளும் அப்பாவின் தங்கையான என் அத்தையும் காரைக்கால் பூக்கடைக்குப் போயிருந்தோம். கடைக்காரர் சம்பங்கிக் கூடையின் ஈரத்துணியை விலக்கினார். அந்த வாசனை வந்ததும் நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

அத்தைக்கும் ஐப்பசியில்தான் கல்யாணம். எனக்கு ஒன்பது வயது. முதல் நாள் அடைமழையில் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், தருமபுரத்து வீட்டு நெல் அறைக்குள் நுழைந்தேன். மூட்டைகளின் மேல் வாழையிலையில் சுருட்டி வைத்திருந்த சம்பங்கி மாலையைத் திருட்டுத்தனமாகப் போட்டுப் பார்த்தேன். கழற்றும்போது நார் அறுந்துவிட்டது. மணப்பெண்ணுக்கு முன்னால் வேறொருத்தி போட்ட மாலை ஆகாது என்பார்கள். அறுந்தது இன்னும் ஆகாது. சடையிலிருந்த நீல ரிப்பனை உருவி, அறுந்த இடத்தை முடிந்து, இலையை மூடிவிட்டேன்.

மறுநாள் அத்தைக்கு அந்த மாலையைப் போட்டபோது நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அதன்பின் அத்தை மாலைமேல் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். வெட்கம் என்றார்கள். பிறகு அத்தையும் மாமாவும் சண்டை போட்ட ஒவ்வொரு முறையும் என் கை தானாகச் சடைக்குப் போகும்.

மகள் வெள்ளையும் நீலமும்தான் வேண்டும் என்றாள்.

“நீலப்பூ இப்ப கெடைக்காதுங்க. சம்பங்கியில நீல ரிப்பன் வச்சுக் கட்டித் தரேன்,” என்றார் கடைக்காரர்.

“மாலையில ரிப்பன்லாம் வேண்டாங்க,” என்றேன் அவசரமாக.

அத்தை ஒரு சம்பங்கியை எடுத்து முகர்ந்தாள்.

“கட்டட்டும்டி. எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. கை வச்சு மறைக்கத்தான் செரமமாப் போச்சு.”